பின்பக்கக் கொக்கி

"அம்மா, இதுக்கு மேல என்னால ஆகாது."

மாசிலாமணி தோளில் சுமந்து வந்த நாற்காலியைப் பாறை முன்னால் இறக்கினார். இறக்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். போட்டார்.

வடிவம்மா முறத்தில் அவரைக்காய் வைத்து நார் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இது எத்தனாவது அண்ணே?"

"ஏழாவது."

"உக்காருங்க."

"உக்கார வரலம்மா. காவி வாங்க வந்தேன்."

அம்மா ஒரு கை காயை அள்ளி அவர் பக்கம் வைத்தார். மனுஷர் என்ன செய்வார்? உட்கார்ந்தார். அவரும் நார் உரிக்க ஆரம்பித்தார்.

பாறையடி மடத்தில் இது ஒரு வேடிக்கை. குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்தொன்பது. வயதில் மூத்தவர் ஆயிற்றே என்று குரு "அண்ணே" என்பார். குரு ஆயிற்றே என்று சீடர் "அம்மா" என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாசிலாமணி வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. பையில் நாலு உளி, ஒரு இழைப்புளி, இரண்டு வேட்டி. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எனக்குக் காவி குடுங்கம்மா. நான் இனிமே வீட்டுக்குப் போக மாட்டேன்."

"ஏன்?"

"என் சம்சாரத்தை விழ வச்சுட்டேன்."

அம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். மாசிலாமணி குடித்துவிட்டுச் சொன்னார்.

அவர் தச்சர். ஒரு நாற்காலி செய்தார். அதன் சாய்வைப் பிடித்து முன்னால் கவிழ்த்தால் பாதி நாற்காலி அப்படியே புரண்டு, நாலு படி உள்ள ஏணி ஆகிவிடும். திருப்பிக் கவிழ்த்தால் மறுபடி நாற்காலி. தெருவே வந்து பார்த்தது. கல்யாண வீடு மாதிரி கூட்டம்.

ஏணியாக்கிய பிறகு ஒரு கொக்கி மாட்ட வேண்டும். மாட்டாமல் ஏறினால் அது மறுபடி நாற்காலி ஆகப் பார்க்கும். அந்தக் கொக்கியை அவர் பின்பக்கம், அடியில் வைத்திருந்தார். ஏறுகிற ஆள் கண்ணுக்கு அது படாது. பின்னால் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியும்.

"அதை ஏன் அங்க வச்சீங்க?" என்று அம்மா கேட்டார்.

"செய்யறப்போ எப்பவும் பின்னாடி நிக்கிறது நான்தாம்மா. என் சம்சாரம் ஏறிக் காட்டுவா, நான் மாட்டுவேன். ஒத்தையா ஒரு ஆள் ஏறுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

பொங்கலுக்கு முந்தின நாள். பரணில் இருந்த வெண்கலப் பானையை எடுக்க அவர் சம்சாரம் செண்பகம் தனியாக ஏறினாள். மூன்றாவது படியில் ஏணி மடங்கியது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு மாசம். அப்புறம் மகள் கோமதி வீட்டில் படுக்கை. செண்பகம் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாய் வலிக்கத் திட்டியிருந்தால்கூட அவர் அங்கேயே கிடந்திருப்பார். அந்தக் கேட்காத வாயைப் பார்க்க முடியாமல் ஓடி வந்துவிட்டார்.

"தப்பு கொக்கியிலம்மா," என்றார் கடைசியாக. "அது பின்னாடி இருந்ததுதான் தப்பு."

அம்மா சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"சரி. பின்னாடி கொக்கி இல்லாம ஒண்ணு செய்ங்க. நான் அதுல ஏறி, அதோ அந்த மாடத்துல விளக்கேத்தற அன்னைக்குக் காவி தரேன்."

பாறையில் குடைந்த மாடம் அது. எக்கி நின்று கை நீட்டினாலும் இரண்டு முழம் எட்டாது.

ஒரு மாசத்து வேலை என்று நினைத்தார் மாசிலாமணி. பாவம்.

முதல் நாற்காலிக்குக் கொக்கி முன்பக்கம் இருந்தது. அம்மா சுற்றி வந்து பார்த்தார். "மாட்ட மறந்துட்டா?" என்றார். உள்ளே போய்விட்டார்.

இரண்டாவதில் இரண்டு கொக்கி. அம்மா சிரித்தார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

மூன்றாவதில் அம்மா மத்தியானம் பூராவும் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தார். "நாற்காலி சுகமா இருக்கு அண்ணே" என்றார். ஏறவில்லை.

நாலாவது யானைக் கனம். அம்மாவால் கவிழ்க்கவே முடியவில்லை. ஐந்தாவதைப் பற்றி மாசிலாமணியே வாய் திறக்க மாட்டார், நமக்கு எதற்கு வம்பு? ஆறாவதின் மேல் இன்றைக்கும் புளி காய்கிறது.

விளக்கு மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. மூங்கில் கழியின் நுனியில் ஒரு கரண்டியைக் கட்டி அம்மா எண்ணெய் ஊற்றுவார். இன்னொரு கழியின் நுனியில் துணியைச் சுற்றிக் கொளுத்தி, அண்ணாந்து எட்டித் திரியைப் பற்றவைப்பார். பாதி எண்ணெய் பாறையில் வழியும். பாறை கருத்துப்போய்க் கிடந்தது.

ஒரு நாள் மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு ஏணியே தேவையில்லையேம்மா!"

"தேவையில்லதான்."

"அப்புறம் எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்தறீங்க?"

"கேட்டது நீங்கதானே அண்ணே."

அவர் கேட்டது காவி. கிடைத்தது கட்டையும் உளியும். வயிறு எரியாதா மனுஷனுக்கு?

வெள்ளிக்கிழமை ஆனால் கோமதி மடத்துக்குப் போன் செய்வாள். மாசிலாமணி எடுக்க மாட்டார். மணி அடிக்கிற சத்தம் கேட்டாலே கொட்டகையில் ரம்பத்தைப் போட்டு அறுக்கத் தொடங்கிவிடுவார். அறுக்க மரம் இருக்கிறதோ இல்லையோ. அம்மாதான் பேசுவார். பேசிவிட்டு வந்து கொட்டகை வாசலில் நின்று சொல்வார்.

"உங்க சம்சாரம் இப்ப கம்பு ஊனிக் கொல்லை வரைக்கும் போறாங்களாம்."

ரம்பம் பதில் சொல்லும்.

"உங்களைப் பத்திக் கேட்டாங்களாம். வேளைக்குச் சாப்பிடறாரான்னு."

மறுபடி ரம்பம்.

போன மாசம் அம்மா கொஞ்சம் நீளமாகவே சொன்னார்.

"அந்தப் பழைய நாற்காலியைக் கோமதி வீட்டுக்கே கொண்டாரச் சொல்லிட்டாங்களாம். அதுலதான் உக்காருவாங்களாம், வேற எதுலயும் மாட்டாங்களாம். கொக்கியைக் கழட்டி முன்னாடி வச்சுத் தரேன்னு மருமகன் சொன்னாராம். 'இருக்கட்டும்'னுட்டாங்களாம்."

ரம்பம் நின்றது.

சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது மாசிலாமணிக்கு. குத்திக்காட்டத்தான் அதில் உட்காருகிறாள் என்று நினைத்துக்கொண்டார். காவி கட்டிவிட்டால் போதும். சாமியாரை யாரும் வீட்டுக்கு வா என்று கூப்பிட மாட்டார்கள். அந்த முகத்தை இனிப் பார்க்க வேண்டியதில்லை. அந்த ஒரு மாசம் அவர் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. ஏழாவதை இழைத்து முடித்தார்.

இப்போது அதுதான் பாறை முன்னால் கிடக்கிறது.

"சரி, இதுல என்ன விசேஷம்?" என்று அம்மா கேட்டார். முறத்தில் காய் பாதி தீர்ந்திருந்தது.

பேசவே அலுப்பாக இருந்தது மாசிலாமணிக்கு. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை நிமிர்த்தி, கவிழ்த்துக் காட்டினார். ஏணி ஆயிற்று. கொக்கி என்று ஒன்றும் இல்லை. முதல் படியில் காலை வைத்தார். உள்ளே ஒரு கட்டை எடைக்கு இறங்கி அதன் பள்ளத்தில் உட்கார்ந்தது.

டொக்.

"ஆள் மேல இருக்கற வரைக்கும் இது விடாதும்மா. தானா பூட்டிக்கும், தானா திறந்துக்கும். மறக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல. நானே ஒத்தையா நூறு தரம் ஏறி இறங்கிட்டேன். பின்னாடி ஆளே வேணாம்."

குரலில் பெருமைகூட இல்லை. அவ்வளவு களைப்பு. இதுவும் ஆகவில்லை என்றால் உளியைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவது என்று இருந்தார்.

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். எழுந்து புடவையை உதறினார். உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் எடுத்து வந்தார்.

வெயில் இறங்கிவிட்டிருந்தது.

மூங்கில் கழி சுவரில் சாத்தியபடியே இருந்தது. அதை அம்மா தொடவில்லை. நேராக ஏணிக்கு வந்தார்.

முதல் படி.

டொக்.

மூன்று வருஷத்தில் இன்றைக்குத்தான் அம்மாவின் கால் படியில் படுகிறது.

இரண்டாவது படி.

மூன்றாவது.

அங்கே நின்றார் அம்மா.

"அண்ணே, கொஞ்சம் வந்து பிடிங்க."

"பிடிக்கவே வேணாம்மா. நான் செஞ்ச ஏணி அது. ஆடாது. நீங்க பாட்டுக்கு ஏறுங்க."

சொல்லி முடித்தார். சொன்ன வாய் மூடவில்லை.

இதை அவர் முன்னாலேயே சொல்லியிருக்கிறார். இதே வார்த்தை.

அன்றைக்குக் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து செண்பகம் கூப்பிட்டாள். "என்னங்க, கொஞ்சம் வந்து பிடிங்க."

"பிடிக்கவே வேணாம்டி. நான் செஞ்ச ஏணி அது. ஆடாது. நீ பாட்டுக்கு ஏறு."

அவள் இன்னொரு தரமும் கூப்பிட்டாள். அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. காபி ஆறிவிடும் என்று இருந்தார்.

இதை அவர் அம்மாவிடம் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னதில்லை, மகளிடம் சொன்னதில்லை. கொக்கி, கொக்கி என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது மறந்துபோயிருந்தது. செண்பகமும் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருஷமாகச் சொல்லவில்லை.

"அண்ணே." அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கிண்ணம் கையில் அப்படியே இருந்தது. "கூப்பிட்டேனே."

மாசிலாமணி போனார்.

பின்பக்கமாகச் சுற்றிப் போய், குனிந்து, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்தார். ஏணி ஆடவில்லை.

அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தார், அடங்கவில்லை. ஐம்பத்தொன்பது வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

"கூப்பிட்டாம்மா," என்றார் மரத்தைப் பார்த்து. "ரெண்டு தரம் கூப்பிட்டா."

மேலே அம்மா நிதானமாக எண்ணெய் ஊற்றினார். பாறையில் ஒரு சொட்டு வழியவில்லை. திரியைத் தூண்டி, ஏற்றி, அது நின்று எரிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"காவி உள்ள பெட்டியில மடிச்சு வச்சிருக்கு அண்ணே. சொன்னது சொன்னதுதான். எடுத்துக்கங்க."

மாசிலாமணி துண்டால் முகத்தைத் துடைத்தார். மூக்கைச் சிந்தினார். உள்ளே பெட்டி இருந்த பக்கம் போகவில்லை.

"கடைசி பஸ் எத்தனை மணிக்கும்மா?"

"ஏழு மணிக்கு."

கொட்டகைக்குப் போய் உளிப் பையை எடுத்து வந்தார். ஏணியைத் திருப்பி நாற்காலியாக்கினார். அதைத் தூக்கித் தோளில் வைக்கப் போனார்.

அம்மா முறத்தின் முன்னால் மறுபடி உட்கார்ந்திருந்தார். மிச்ச அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சொன்னார்.

"அதை எதுக்குச் சுமக்கறீங்க? கோமதி வீட்டுலதான் ஒண்ணு இருக்கே."

"அதுல கொக்கி பின்னாடி இருக்கேம்மா."

"இருக்கட்டும்."