முள் காட்டிய வெளிச்சம்

அறுபத்து நான்காம் வயதில் அருணகிரி மறுபடியும் மாணவரானார்.

முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். அவருக்கு இப்போது தொழில் கற்றுக்கொடுத்த ஜெபசெல்வி அவரைவிட இருபது வயது இளையவள். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவள் பழைய லைட் மீட்டர்களைப் பழுது பார்த்தாள். ஃபிலிமில் படம் எடுக்கிறவர்கள் வெளிச்சத்தை அளந்துகொள்ளும் கையடக்கக் கருவி அது. உள்ளே இருக்கும் செலீனியம் செல்லில் வெளிச்சம் பட்டால் முள் நகரும். வருஷங்கள் போக, செல் செத்துவிடும். அந்த இடத்தில் சிலிக்கான் செல் ஒன்றை வைத்தால் முள் திரும்ப எழுந்துவிடும்.

முதல் நாள் அவர் அவளை "டீச்சர்" என்றது கிண்டலுக்குத்தான். ஆறு மாதத்தில் கிண்டல் உதிர்ந்துவிட்டது. அழைப்பு மட்டும் தங்கியது.

ஐப்பசியில் வடிவு என்ற பெண் ஒரு மீட்டர் கொண்டுவந்தாள். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவள். அவள் அம்மா படுக்கையில் இருந்தார். பகல் வெளிச்சம் பட்டாலே அவருக்குக் கண் எரிந்தது. அறையில் ஒரே ஒரு குண்டு பல்பு. இத்தனை வருஷமும் கேமரா முன் நிற்க மறுத்தவர், இப்போது தானாகவே எடுத்துக்கொள் என்றாராம். அம்மா வாங்கிக்கொடுத்த முதல் கேமராவிலேயே எடுக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. அந்தப் பழைய ஃபிலிம் கேமராவுக்கு வெளிச்சத்தை அளக்கத் தெரியாது.

அருணகிரி தனியாகச் செய்த முதல் வேலை அது. புது செல் பொருத்தி, உச்சி வெயிலில் மூன்று மீட்டர்களோடு ஒப்பிட்டார். நான்கு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன.

எட்டாம் நாள் காலையில் வடிவு கழுவிய ஃபிலிமோடு வந்தாள். முப்பத்தாறு படமும் எதுவும் பதியாமல் வெறும் கண்ணாடி போல இருந்தன. பல்பு மட்டும் ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி.

"இன்னைக்குச் சாயங்காலம் இன்னொரு தடவை உக்காருறேன்னு சொல்லியிருக்காங்க," என்றாள். "அதுக்கு மேல அவங்களால முடியாது."

நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லி, மீட்டரை வைத்துவிட்டுப் போனாள்.

அருணகிரி மொட்டைமாடிக்குப் போய் மறுபடி வெயிலில் பார்த்தார். ஒரு மயிரிழை பிசகவில்லை. ஃபிலிமைக் கழுவியதில்தான் தவறு என்றார். பல்புக்குக் கீழே பார்த்தீர்களா என்று ஜெபசெல்வி கேட்டாள். எந்த வெளிச்சமானாலும் வெளிச்சம்தானே என்றார் அவர்.

ஜெபசெல்வி கீழே போய், மருந்துக்கடையின் டி.வி. ரிமோட்டை வாங்கி வந்தாள். ஆட்டம் முடிய மூணு ஓவர்தான், தோத்தா உங்க ரெண்டு பேர் தலையிலதான் விடியும் என்று கடைக்காரர் படிவரை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னலைச் சாத்தினாள். மீட்டரை அவர் கையில் கொடுத்து, ரிமோட்டின் முனையைச் செல்லுக்கு நேராகப் பிடித்து அழுத்தினாள்.

முள் நகர்ந்தது.

"உங்களுக்கு ஏதாவது தெரியுதா சார்?"

"இல்ல."

"அதுக்குத் தெரியுது."

முப்பது வருடம் அவர் நடத்திய பாடம்தான். கண்ணுக்கு எட்டாத கதிர்கள், சிவப்புக்கு அப்பால். வெயிலைவிடக் குண்டு பல்பில் அவற்றின் பங்கு மிக அதிகம். செலீனியத்துக்கு அவை தெரியாது. ஃபிலிமுக்கும் தெரியாது. புது செல்லுக்குத் தெரியும். அத்தனையையும் வெளிச்சக் கணக்கில் சேர்த்துச் சொல்லியிருக்கிறது. அதை நம்பி வடிவு ஃபிலிமுக்கு வெளிச்சத்தைக் குறைத்துவிட்டிருக்கிறாள்.

அருணகிரி ரிமோட்டை வாங்கித் தானே ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

ஜெபசெல்வி அந்தக் கதிர்களைத் தடுக்கும் ஒரு நீலப்பச்சைக் கண்ணாடியைச் சிறு துண்டாக வெட்டினாள். நல்ல செல்லைக் குருடாக்குவதுபோல் இருக்கிறதே, அதிகமாகப் பார்ப்பது ஒரு குற்றமா என்று அவர் கேட்டார்.

"படம் பிடிக்கப்போறது ஃபிலிம். அதுக்குத் தெரியாத வெளிச்சத்தை இது சொல்லி யாருக்கு என்ன பிரயோஜனம்?"

கண்ணாடியைச் செல்லின் முகத்தில் ஒட்டினாள். ரெசிஸ்டரை மாற்றி வெயிலில் சரிபார்த்தாள். பிறகு குண்டு பல்புக்குக் கீழே வைத்தாள். முள் முன்பு நின்ற இடத்துக்கு இரண்டு கோடு கீழே நின்றது.

மணி மூன்றரை. அருணகிரி நாற்காலியிலிருந்து எழவில்லை.

வந்தால் என்ன சொல்வது என்று கேட்டார். மீட்டர் தப்பு, நான் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள் என்றாள் அவள்.

"அது மட்டும் இல்ல, டீச்சர்."

படம் எடுத்த அன்றைக்கு அம்மாவின் அறையிலிருந்து வடிவு அவருக்கு போன் செய்திருக்கிறாள். முள் இவ்வளவு தூரம் போகிறது, எனக்கென்னமோ அறை மங்கலாகத்தான் தெரிகிறது, எதற்கும் கொஞ்சம் கூடுதலாக வெளிச்சம் விட்டு எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். இவர் கால் மணி நேரம் பேசியிருக்கிறார். கண் இருட்டுக்குப் பழகுவது, கண்பாப்பா விரிவது, கண் ஏமாற்றும் வகைகள் எல்லாம். கடைசியில் அவள், சரி சார், நீங்கள் படித்தவர்கள் என்று போனை வைத்துவிட்டாள்.

"காலையில வந்தப்போ அந்தப் பிள்ளை அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல," என்றார்.

ஜெபசெல்வி ஜன்னலைத் திறந்தாள். கீழே தெருவில் வடிவு சைக்கிளைச் சாத்தி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"இந்த முள்ளை நம்பலாமான்னு கேப்பா. நான் எந்த வாயால சொல்ல?"

ஜெபசெல்வி மீட்டரைத் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

"அவ கண்ணு அன்னைக்கே பார்த்ததை, இது இன்னைக்குத்தான் பார்க்கப் பழகிச்சுன்னு சொல்லுங்க."