நூத்தியிருவது தம்பிமார்

மாடக்கண்ணு சலூனில் கோமதிநாயகம் பாதி முகம் வழித்து முடிந்து, மீதி முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய அண்ணன் ஆவுடையப்பன் உள்ளே வந்தார். எழுந்து போகவா முடியும்? கூட்டுக் கிணற்று மோட்டாரை யார் முதலில் போடுவது என்று வந்த சண்டையில் அண்ணனும் தம்பியும் பேசி நாலு வருசமாச்சு. நாளைக்கு விடிந்தால் அண்ணன் மகள் பூரணத்துக்குக் கல்யாணப் பந்தக்கால். அவளைத் தோளில் தூக்கிச் சுமந்த சித்தப்பனுக்கு இன்னும் அழைப்பென்று ஒரு வார்த்தை வரவில்லை. கூப்பிடுவாரா மாட்டாரா என்று ஒரு வாரமாகக் கோமதிநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஆவுடையப்பனோ அமெரிக்காவில் படிக்கிற மகனோடு மூணு மாசம் இருந்துவிட்டு வந்தவர். அவர் கால் ஊர் வந்து சேர்ந்துவிட்டது. வாய் இன்னும் வரவில்லை.

“எலே மாடக்கண்ணு, அங்க யுனிவர்சிட்டியில ஃப்ரட்டர்னிட்டின்னு ஒண்ணு இருக்கு. தூண் வச்ச பெரிய வீடு. வாசல்ல கிரேக்க எழுத்து. உள்ள இருக்க பயலுவ பூராவும் அண்ணன் தம்பி.”

“ஒரு தாய் வயித்துப் பிள்ளையளா அண்ணாச்சி?”

“போலே. பணம் கட்டிச் சேருத அண்ணன் தம்பி.”

பெஞ்சில் காத்திருந்த இசக்கிமுத்து பேப்பரை மடித்தார். “இங்க இருக்க ஒத்தத் தம்பிய வெட்டிவிட வக்கீலுக்குப் பணம் கட்டுதோம். அங்க சேத்துக்கிடக் கட்டுதானா? நல்ல ஊருதான்.”

ஆவுடையப்பனுக்கு அது காதில் விழவே இல்லையாம்.

“சும்மா சேத்துக்கிட மாட்டான். புதுசா வாரவன் மூத்தவன் சொன்னதெல்லாம் செஞ்சு காட்டணும். என்னயும் சோதிச்சானுவ. ஒரு மொளவாச் சாறு, சொட்டுப் பட்டா மேசை ஓட்டையாயிரும். ஒரு குடம் குடிச்சேன். குடிச்சுட்டு, ‘சாப்பாடு எப்பம்பா?’ன்னேன். நூத்தியிருவது பேரும் கால்ல விழுந்துட்டானுவ. அன்னைலருந்து நாந்தான் மூத்த அண்ணன்.”

“அறுவது வயசுல காலேஜ்லயா?”

“சட்டத்த மாத்துனானுவ.”

“பொம்பளப் பிள்ளையளுக்கு இப்படி ஒண்ணும் கிடையாதா?” என்றான் மாடக்கண்ணு, கத்தியைத் தீட்டிக்கொண்டே.

“எதுத்தாப்புல இருக்கே, அக்கா தங்கச்சி வீடு. ஒவ்வொரு மூத்தவளும் ஒரு புதுப்பிள்ளையத் தங்கச்சியா எடுத்துக்கிடுவா. அதுகளுக்கு நான் கும்மி சொல்லிக்குடுத்தேன். அடிச்ச அடியில வீடு நாலு தெரு தள்ளிப் போய் நின்னுட்டு. தபால்காரன் இன்னும் தேடுதான்.”

“பாவம்,” என்றார் இசக்கிமுத்து.

“அண்ணன் தம்பிக்குன்னே ரகசியமா ஒரு கைகுலுக்கு உண்டு. காலையில பிடிச்சா மத்தியானச் சோத்துக்குத்தான் கைய விடுவான். நூத்தியிருவது பேருக்கும் குலுக்கியே மூணு மாசம் போச்சு. ஊரே பாக்கல.”

“மகனயாவது பாத்தீரா?”

“அவன ஏர்போர்ட்டுல பாத்தேன். ஏ, முழுசாக் கேளும். வெயிலா இருக்கேன்னு ஒரு வார்த்ததான் சொன்னேன். அத்தன தம்பிமாரும் வீட்ட என்னோட அலாக்காத் தூக்கி மர நெழல்ல வச்சானுவ. காப்பி தளும்பல.”

மாடக்கண்ணு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டான். “நாளைக்குப் பந்தக்காலுக்கு யாரு நிக்கா அண்ணாச்சி?”

கத்தி கோமதிநாயகத்தின் தாடையில் அப்படியே நின்றது.

“எந்தம்பிமார்தான். நூத்தியிருவது பேரும் தனி விமானத்துல வந்து நம்ம கம்மாயில எறங்குதானுவ. ஆளுக்கொரு கால் நட்டா பந்தல் மதுரை வரைக்கும் போவும்.” சொல்லிவிட்டு ஆவுடையப்பன் கண்ணாடியைப் பார்த்தார். சத்தம் பாதியாக இறங்கியிருந்தது.

கோமதிநாயகம் கத்தியை விரலால் ஒதுக்கினார். நாலு வருசத்தில் அண்ணனிடம் பேசும் முதல் பேச்சு.

“அவனுவ வரல. நேத்து எனக்குப் போன் பண்ணுனானுவ.”

“ஒனக்கா? எந்தப் பாஷையில?”

“தமிழ்லதான். மூணு மாசம் ஒம்ம பேச்சக் கேட்டதுல படிச்சுக்கிட்டானுவளாம். ஒரே அழுகை. ‘நூத்தியிருவது பேரு சேந்தும் மூணு மாசத்துக்கு மேல ஒங்க அண்ணனத் தாங்க முடியல. நீங்க ஒத்த ஆளா அம்பது வருசம் எப்படித் தாங்குனீய?’ன்னு கேக்கானுவ.”

இசக்கிமுத்து பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். ஆவுடையப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

“காலையில ஆறு மணிக்குப் பந்தக்கால். மீதி முகத்தையும் வழிச்சிட்டு வந்து சேரு.”

“கை குலுக்கணுமாண்ணே?”

“வேண்டாம்லே. முகூர்த்தம் தப்பிரும்.”