அசமந்தங்குளத்தில் அவுட் ஆனவர்களுக்குத் தாம்பூலம்

அசமந்தங்குளத்துக்காரர்கள் தங்கமானவர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறும் அதுதான்.

இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த வெளிநாட்டுப் பெண்கள் கிரிக்கெட் அணி, ஒரு பயிற்சி ஆட்டத்துக்காக அந்த ஊருக்கு வந்தது. வரவேற்புக் கமிட்டித் தலைவர் குப்புலிங்கம், செயலாளர் வைரப்பெருமாள். உள்ளூர் அணியில் வேகமாகப் பந்து போடுகிறவள் மாரிக்கனி. மாநில அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வந்த எஸ்தர் மேடம், "நல்லா போட்டேன்னா சாயங்காலம் எங்க பஸ்லயே பயிற்சி முகாமுக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று அவளிடம் சொல்லியிருந்தார். பாவம், அந்தப் பிள்ளைக்குக் காலையில் இட்லி இறங்கவில்லை.

கமிட்டிக்கும் மேடம் இரண்டு கட்டளை போட்டிருந்தார். பிட்ச்சில் யாரையும் கால் வைக்க விடக்கூடாது. விருந்தாளிகள் கிளம்பும்போது வெறுங்கையோடு அனுப்பக்கூடாது.

ஆட வந்த இரண்டு அணிகளையும் குப்புலிங்கம் கையை விரித்து மறித்தார்.

"பிட்ச்சுல கால் வைக்காம எப்படிவே ஆடுவாங்க?" என்றார் வைரப்பெருமாளிடம்.

"ஜமுக்காளத்த விரிச்சிருவோம். கால் ஜமுக்காளத்துலதான படும்?"

கல்யாண மண்டபத்து ஜமுக்காளம் வந்தது. எஸ்தர் மேடம் தன் கையாலேயே அதைச் சுருட்டி எறிந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கியது.

மாரிக்கனி முதல் ஓவரிலேயே ஸ்டம்பைப் பறக்கவிட்டாள். அவுட் ஆன பெண் வெளியே நடந்தாள். குப்புலிங்கம் பதறிவிட்டார்.

"வே, விருந்தாளி கெளம்பிட்டா! வெறுங்கையோட போறா!"

"கையில மட்டை இருக்கே."

"அது அவ கொண்டு வந்ததுவே. கணக்குல சேராது."

கமிட்டி தாம்பூலத் தட்டோடு மைதானத்துக்குள் ஓடியது. குங்குமம், வெற்றிலை பாக்கு, ஜாக்கெட் துணி, தலை கொள்ளாத மல்லிகை. அந்தப் பெண்ணுக்கு வாயெல்லாம் பல். அடுத்து ஆட வந்தவள் தட்டில் பச்சைத் துணி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பந்து வந்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டாள். அவளுக்குப் பின் வந்தவர்களும் அப்படியே.

மாரிக்கனிக்கு அழுகையே வந்துவிட்டது. "பெரியப்பா, தட்டை உள்ள வைங்க! வேணும்னே அவுட் ஆவுதாங்க. இத மேடம் கணக்குல எடுக்க மாட்டாங்க!"

"நீ பாட்டுக்குப் போடு தாயி. துணி நெறைய கெடக்கு" என்றார் குப்புலிங்கம்.

கேப்டன் ஹேசல் மட்டும் துணிக்கு மயங்காமல் கடைசிவரை அவுட் ஆகாமல் நின்றாள். எடுத்த ரன் கொஞ்சம்தான். மாரிக்கனி மட்டை பிடிக்க வேண்டிய அவசியமே வராமல் நம் பெண்கள் ஜெயித்தார்கள். எஸ்தர் மேடம் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

சாயங்காலம் பஸ் ஏற வந்த ஹேசலைக் கமிட்டி மறித்தது. "அவுட் ஆனாத்தான் வழியனுப்புவோம். இவங்க இன்னும் ஆகலையே."

விஷயம் புரிந்ததும் ஹேசல் விழுந்து விழுந்து சிரித்தாள். பஸ் முன்னாலேயே ஸ்டம்பை நடச் சொல்லி மட்டையோடு நின்றாள். ஆனால் விளையாட்டாக நிற்கவில்லை, முறைத்துக்கொண்டு நின்றாள். மாரிக்கனி ஓடி வந்து போட்ட பந்தில் நடு ஸ்டம்பு பிய்த்துக்கொண்டு போனது.

"பையை எடுத்துட்டு வா, ஏறு" என்றார் எஸ்தர் மேடம்.

மாரிக்கனி படியில் கால் வைத்தாள்.

"ஏட்டி, நில்லு! நீ எப்ப அவுட் ஆன?" என்றார் குப்புலிங்கம்.

அவள் கையில் மட்டையைக் கொடுத்து நிறுத்தி, கமிட்டியே பந்து போட்டது. வைரப்பெருமாள் போட்டது பின்பக்கமாகப் போனது. குப்புலிங்கம் போட்டது குளத்தில் விழுந்தது. மாரிக்கனி ஸ்டம்பை விட்டு விலகியே நின்றும் ஒன்றுகூடப் படவில்லை. "இப்ப ஏறலைன்னா விட்டுட்டுப் போயிருவேன்!" என்று டிரைவர் ஹாரனை அமுக்கினார்.

குப்புலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு பந்தை வீசினார். அது பஸ்ஸின் நெற்றியில் பட்டது.

"ஸ்டம்புக்கு நேராவா பட்டிருக்கு?" என்றார் வைரப்பெருமாள்.

"நேராத்தான் பட்டிருக்கு."

"அப்ப எல்பிடபிள்யூ."

"பஸ்ஸுக்குக் காலு ஏதுவே?"

"சக்கரம் இருக்குல்லா."

பஸ் அவுட். கமிட்டி அதன் நெற்றியில் குங்குமம் வைத்து, கண்ணாடியில் மல்லிகையைச் சுற்றி, பம்பரில் ஜாக்கெட் துணியைக் கட்டிக்கொண்டிருந்த சந்தடியில் மாரிக்கனி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். பஸ் கிளம்பியது.

கமிட்டி ஸ்டம்பைப் பிடுங்கவில்லை. ஒரு பஸ் அவுட் ஆனால் அடுத்த பஸ் ஆட வர வேண்டும் அல்லவா? தென்காசி வண்டி எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டு, குப்புலிங்கம் பந்தை வேட்டியில் தேய்க்கத் தொடங்கினார்.