அக்கரை மருதமரம்

ஆற்றின் நடுவே ஒரு மேட்டில் தில்லைநாயகி அம்மையின் ஆசிரமம் இருந்தது. அம்மைக்கு முப்பத்தைந்து வயது. சீடன் வீரபாகு அவரைவிட மூத்தவன். கடலோரத்தில் தோணி வலித்து உரமேறிய கைகள் அவனுக்கு. அந்தக் கைகள்மேல் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"பலம் இருந்தா எதையும் சாதிச்சிடலாம்தானே அம்மா?" என்று ஒரு காலையில் கேட்டான்.

அம்மை உலைக்கு அரிசி அளந்துகொண்டிருந்தார். "அரிசிக்கு எத்தனை படின்னு சொன்னாப் போதும். பலத்துக்கு அளவு மட்டும் போதாது," என்றார்.

மீதியைச் சொல்லுமுன் விறகெடுக்க நகர்ந்தார். விறகுக் கட்டுக்குள் கிடந்த விரியன் அவர் காலைக் கடித்துவிட்டது.

வைத்தியர் இருந்தது அக்கரையில். ஆற்றிலோ புதுவெள்ளம். பரிசல்காரர் வெளியூர் போயிருந்தார். பரிசல் மட்டும் கரையில் கிடந்தது. வீரபாகு அம்மையைத் தூக்கி அதில் கிடத்தினான். தோணிப் பழக்கத்தில் ஒரு பக்கமாக உட்கார்ந்து துடுப்புப் போட்டான்.

பரிசல் வட்டமானது. அது கிறுகிறுவென்று சுற்றியது. பயந்துபோய் இன்னும் வேகமாகப் போட்டான். இன்னும் வேகமாகச் சுற்றியது. வெள்ளம் அவர்களைக் கீழே இழுத்துப்போக, பாறைகளில் தண்ணீர் மோதும் இரைச்சல் நெருங்கிக்கொண்டே வந்தது. அம்மையின் கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது.

"உயிரைக் கொடுத்துப் போடுறேன் அம்மா. போகமாட்டேங்குது," என்று அழுதான்.

"எந்தப் பக்கம் போகணும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு கரைகளும் அவனைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

"முன்னால வந்து மண்டி போடு," என்றார் அம்மை. "அக்கரையில மருதமரம் தெரியுதா? அதையே பாரு. துடுப்பை முன்னால விட்டு உன் நெஞ்சுப் பக்கமா இழு. மெதுவா இழுத்தாப் போதும்."

இழுத்தான். சுற்றுவது நின்றது. பரிசல் கொஞ்சம் கொஞ்சமாக மரத்தை நோக்கி நகர்ந்தது. பாறை இரைச்சல் காதுக்குள்ளேயே கேட்டது. ஆனாலும் அவன் கண்ணை எடுக்கவில்லை.

கரையேறியதும் வைத்தியர் மருந்து கொடுத்துவிட்டு, இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் தன் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்றார். வீரபாகு அப்போதுதான் தரையில் உட்கார்ந்தான். அம்மையைப் பார்த்துக் கேட்டான்:

"உங்களுக்குப் பயமே இல்லையா அம்மா?"

அம்மை போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டிக் காட்டினார். அது இன்னும் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"உனக்கு இருந்த அளவு எனக்கும் இருந்துச்சு, வீரபாகு. என்னோட பயம் அந்த மரத்தையே பார்த்துக்கிட்டிருந்துச்சு."