பொட்டு வைத்த இரும்பு

பாலாற்றுக்கு இந்தக் கரையில் ஒரு காலத்தில் ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. சின்னக் கார்தான். நாலு பேர் உட்காரலாம். மனசு வைத்தால் ஆறு பேர். கல்யாணத்துக்குப் போகிற அன்று எட்டுப் பேர்.

அங்கே தகடு அழுத்துகிற கூடத்தில் இரண்டு பேர் பிரியாத ஜோடி. ஒருவர், இரண்டு மாடி உயரத்துக்கு நின்ற அழுத்து இயந்திரம். அவர் ஒரு தரம் இறங்கினால் கேன்டீனில் டம்ளர் குலுங்கும். அதனால் தொழிலாளர்கள் அவருக்கு இடியப்பன் என்று பேர் வைத்திருந்தார்கள். இன்னொருத்தி கதவச்சு. காரின் கதவு என்ன வடிவமோ அதை அப்படியே வயிற்றில் செதுக்கி வைத்திருந்த பெரிய இரும்புக் கட்டி அவள். வெறும் தகட்டை அவள்மேல் வைத்து இடியப்பன் ஓர் அழுத்து அழுத்தினால் கதவு பிறந்துவிடும்.

கதவச்சை லேசில் செய்துவிடவில்லை. மாதக்கணக்கில் இழைத்திருந்தார்கள். ஒரு மயிரிழை பிசகினாலும் கதவு மூடாது, மழைக்கு ஒழுகும். கார் வாங்க வருகிறவர்கள் இன்ஜினைப் பற்றி என்னென்னவோ கேட்பார்கள். கடைசியில் கதவைத் திறந்து ஒரு தரம் சாத்திப் பார்ப்பார்கள். அடக்கமாக ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். “சத்தம் நல்லா இருக்குங்க” என்று வீட்டுக்கார அம்மா சொல்லிவிட்டால் கார் விற்றுப்போச்சு என்று அர்த்தம். அந்த ‘டப்’ கதவச்சு பெற்ற பிள்ளை. அவள் அதை நினைத்துப் பெருமைப்பட்டால் தப்பா, சொல்லுங்கள்.

அந்தக் கூடத்துக்கு சூப்பர்வைசர் மங்கையர்க்கரசி. எல்லாருக்கும் மங்கை அக்கா. இயந்திரங்களோடு பேசுவார், திட்டுவார், மூடு இருந்தால் கொஞ்சவும் செய்வார். ஆயுத பூஜை வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. முந்தின நாளே எல்லாவற்றையும் துடைத்து வைத்து, பூஜை அன்று சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, பொரிகடலை படைத்து, “இன்னிக்கு யாரும் எதையும் தொடக் கூடாது, சாமி ரெஸ்ட் எடுக்குது” என்று விரட்டுவார். மறுநாள் விஜயதசமி காலையில் பொட்டு வைத்த ஒவ்வொன்றையும் எடுத்து ஒரு வேலையாவது செய்தாக வேண்டும். அதில் ரொம்பக் கறார்.

“நேத்து கும்பிட்டதை இன்னிக்கு எடுத்து வேலை செய்யணும். இல்லேன்னா கும்பிட்டது எதுக்கு?” என்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கடலுக்கு அப்பால் இரண்டு பெரிய தேசங்கள் முட்டிக்கொண்டன. ஒன்றுக்கு ஆதரவாக நாலு தேசம், இன்னொன்றுக்கு ஆதரவாக ஐந்து. கொஞ்ச நாளில் இந்தப் பக்கமும் சண்டை எட்டிவிட்டது.

தொழிற்சாலைக்கு முதலில் வராமல் போனது நகத்தளவு ஒரு சில்லு. காருக்கு மூளை அதுதான். கப்பலில் வர வேண்டும், கப்பல் வரவில்லை. முற்றத்தில் புதுக் கார்கள் பளபளவென்று, மூளை இல்லாமல், வரிசையாக நின்றன. அடுத்து பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கார் வாங்க வருகிற கூட்டம் நின்றது. அப்புறம் தகடும் வரவில்லை.

“அண்ணே, நமக்கு வேலையே இல்லாம போச்சே” என்றாள் கதவச்சு.

“பொறு தாயி. எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும்?” என்றார் இடியப்பன். சொன்னாரே தவிர, அவருக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

ஒருநாள் போரே நேரில் வந்து இறங்கினான். சேறு படிந்த ஜீப்பு, மடிப்புக் கலையாத உடுப்பு. நாற்காலி போட்டால் உட்காரமாட்டான், தண்ணீர் கொடுத்தால் பாதி குடித்துவிட்டு வைத்துவிடுவான். போருக்கு எல்லா ஊர் மொழியும் தெரியும். எதையும் முழுசாகக் கற்றுக்கொள்ளத்தான் அவனுக்குப் பொறுமை கிடையாது.

“இனிமே இங்கே கார் கிடையாது. நான் கேட்கிறதைத்தான் செய்யணும். கேட்ட உடனே செய்யணும்.”

“என்ன சார் வேணும்?” என்றார் மங்கை அக்கா.

“முதல்ல தலைக்கவசம். சிப்பாய்களுக்கு.”

கார்க் கதவு செய்தவர்களிடம் தலைக்கவசம் கேட்டால் என்ன செய்வார்கள்? கையை விரிப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. கதவச்சைக் கழற்றி மூலையில் வைத்து, கிரீஸ் தடவி, சாக்குப் போட்டு மூடினார்கள். கவசத்துக்குப் புதிதாக ஓர் அச்சை இழைத்தார்கள். முதலில் வந்த கவசங்கள் உப்புமா கிண்டுகிற சட்டி மாதிரி இருந்தன. கேன்டீனில் ஒன்றைக் கேட்டே வாங்கிக்கொண்டார்கள். திரும்ப இழைத்தார்கள், சண்டை போட்டார்கள், டீ குடித்தார்கள், மறுபடி இழைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் கவசம் அளவெடுத்துச் செய்தாற்போல் தலையில் உட்கார்ந்தது. அப்புறம் தண்ணீர்க் கேன், அப்புறம் ஆம்புலன்ஸுக்குப் பக்கத் தகடு. ஒரு வேலை பழகிய கை இன்னொரு வேலைக்கு இப்படி வளைந்து கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. மனுஷர்களைச் சொல்கிறேன், இயந்திரங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாக்குக்குள்ளிருந்து கதவச்சு கேட்டாள்: “அண்ணே, புது வேலை எப்படி இருக்கு?”

“நல்ல வேலைதான் தாயி. ஒரு கவசம் ஒரு தலையைக் காப்பாத்துது.”

“அப்போ சரிண்ணே. நான் காத்திருக்கேன்” என்றாள். அவளுக்குப் பொறாமையே கிடையாது. அந்த மனசு யாருக்கு வரும்!

போர் மறுபடி வந்தான். கூடத்து வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. அதில் சின்னக் காரின் பொம்மை ஒன்று இருந்தது. அதை எடுத்து வீசிவிட்டு, இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புக் குண்டைக் கொண்டுவந்து நிறுத்தினான். உள்ளே வெடிமருந்து இல்லை, மாதிரிக் குண்டு.

“பார்த்துக்குங்க. அடுத்து இதுதான் இங்கே உருவாகணும்.”

போர் போனதும் குண்டு மூலையைப் பார்த்தது. “சாக்குக்குள்ள யாரு?”

“நான் கதவச்சு.”

“கதவா!” குண்டு சிரித்தது. “இனிமே கதவை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? நான் போற ஊர்ல சுவரே நிக்காது.”

“வாயை மூடுடா தகரம்” என்று இடியப்பன் உறுமினார். கேன்டீனில் டம்ளர் குலுங்கியது.

ஆனால் குண்டு செய்ய இரும்பு பத்தவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போர் அவசரமாக வந்தான். மங்கை அக்கா அப்போதுதான் துடைக்கிற துணியோடு நின்றிருந்தார்.

“இங்கே பாரும்மா. நாளை மறுநாள் காலையில லாரி வரும். இந்தக் கூடத்துல ஆயுதத்தைத் தவிர வேற எந்த இரும்பும் இருக்கக் கூடாது. எல்லாம் உருக்காலைக்குப் போகணும். ஆயுதத்துக்கு மட்டும் ஓர் அடையாளம் போட்டு வை. அடையாளம் இருக்கிறதை லாரிக்காரன் தொடமாட்டான்.”

“ஆயுதத்துக்குத்தானே சார்? அது நான் பார்த்துக்கிறேன்” என்றார் அக்கா.

“தப்பு நடக்கக் கூடாது.”

“என்ன சார் நீங்க! இத்தனை வருஷமா அதைச் செய்யறவளே நான்தான்.”

போருக்குத் திருப்தி. ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

கதவச்சுக்கு எல்லாம் கேட்டது. “அண்ணே, நான் ஆயுதம் இல்லையே. கதவு செய்யறவ. என்னை உருக்கிட்டா நாளைக்குச் சண்டை முடிஞ்சாலும் கதவு வராதே. கதவு இல்லாம கார் எப்படி வரும்? இவங்க எல்லாம் எதை வச்சுப் பிழைப்பாங்க?”

 இடியப்பனால் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடவா முடியும்? அவரைத் தரையோடு சேர்த்து போல்ட் போட்டிருக்கிறார்கள். “அழாதே தாயி” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பூஜை. மங்கை அக்கா மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, ஒரு கிண்ணத்தில் சந்தனமும் இன்னொன்றில் குங்குமமும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். இடியப்பனுக்கு அவருடைய அகலத்துக்கு ஏற்ற மாதிரி பெரிய பொட்டு. கடைசல் இயந்திரத்துக்கு ஒன்று. ஸ்பேனர், சுத்தியல், கிரேன் கொக்கி, கவச அச்சு, தண்ணீர் வாளி, கேன்டீன் தோசைக்கல்... ஒன்றையும் விடவில்லை. மூலைக்கு வந்து சாக்கை விலக்கினார்.

“என்னடி, கிரீஸுக்குள்ளேயே படுத்துட்டியா? முகத்தைக் காட்டு” என்று துடைத்துவிட்டு, நட்ட நடுவில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார்.

அப்புறம் வாசலுக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். குண்டு நெஞ்சை நிமிர்த்தியது.

“எனக்குத்தான் பெரிசா வைக்கணும். இங்கே அசல் ஆயுதம் நான் ஒருத்தன்தான்” என்றது.

“அப்படியா? நாளைக்கு உன்னை எடுத்து என்ன வேலை செய்யலாம்?”

“மருந்தை நிரப்பி விட்டா ஒரே ஒரு வேலை. அதைப் பிரமாதமா செய்வேன்.”

“அதுக்கு மறுநாள்?”

“மறுநாளா? அப்புறம் நான் ஏது? நான் விழுந்த இடமே இருக்காது!”

அக்கா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். “அப்போ உன்னைப் பூஜையில வச்சு நான் என்னப்பா பண்ண? எடுத்துத் திரும்பத் திரும்ப வேலை செய்யறதுதான் எங்களுக்கு ஆயுதம். ஒரு தடவையோட போறதுக்குப் பொட்டு வைக்கிற வழக்கம் எங்ககிட்ட இல்லை.”

விரலில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பக்கத்திலிருந்த எண்ணெய்க் கேனுக்கு வைத்துவிட்டுப் பொரி கொடுக்கப் போய்விட்டார்.

விஜயதசமி காலையில் லாரி வந்தது. ஓட்டி வந்தவர் செபஸ்தி. ரொம்ப நேர்மையான ஆள். சொன்னதற்கு மேலும் செய்யமாட்டார், கீழும் செய்யமாட்டார். பின்னாலேயே ஜீப்பில் போர்.

செபஸ்தி கூடத்தைச் சுற்றி வந்தார். இடியப்பன் நெற்றியில் பொட்டு. நகர்ந்தார். ஸ்பேனரில் பொட்டு. வாளியில் பொட்டு. தோசைக்கல்லில் பொட்டு. மூலையில் கதவச்சு முன்னால் வந்து நின்றார். செபஸ்தி குனிந்து பார்த்தார். சந்தனம் காய்ந்து, நடுவில் குங்குமம் சிவப்பாக இருந்தது.

“இதுக்கும் அடையாளம் இருக்கு சார்” என்றார்.

போர் பாய்ந்து வந்தான். “இது கார்க் கதவு செய்யற கட்டி! இதுவா ஆயுதம்?”

மங்கை அக்காவுக்கு நிஜமாகவே புரியவில்லை. “பின்னே என்ன சார்? ஆயுத பூஜைன்னா இதைத்தானே கும்பிடறோம்? நீங்கதானே ஆயுதத்துக்கு அடையாளம் போடச் சொன்னீங்க?”

போர் வாயைத் திறந்தான். சொன்னது அவன், வார்த்தை அவனுடையது, யாரைத் திட்டுவது? கடிகாரத்தைப் பார்த்தான். அன்றைக்கு அவன் இன்னும் எத்தனையோ ஊருக்குப் போக வேண்டும்.

“சரி, அடையாளம் இல்லாத இரும்பு ஒண்ணுகூடவா இருக்காது? தேடு! கிடைச்சதை ஏத்திட்டுக் கிளம்பு! எதையும் விடாதே!” என்று கத்திவிட்டு ஜீப்புக்குப் போனான்.

செபஸ்தி தேடினார். மேசைக்கு அடியில் பார்த்தார், பின்கட்டில் பார்த்தார். கடைசியில் வாசலுக்கு வந்தார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கி லாரியில் வைத்துக் கயிற்றை இறுக்கும் சத்தம் கேட்டுப் போர் திரும்பிப் பார்த்தான்.

“டேய், டேய்! அது என்னோட குண்டு!”

“பொட்டு இல்லியே சார்” என்று சொல்லிவிட்டு செபஸ்தி வண்டியை எடுத்தார்.

ஜீப்பு லாரியைத் துரத்திக்கொண்டு போனது. புழுதி அடங்கியது. மங்கை அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அவருக்கு வேறு கவலை.

“என்னப்பா நிக்கிறீங்க? நல்ல நேரம் போயிடும். நேத்து கும்பிட்டதை எல்லாம் எடுங்க. கதவச்சையும்தான்!”

“தகடு ஏதுக்கா?” என்றார்கள்.

தேடினார்கள். ஆம்புலன்ஸுக்கு வெட்டி, அளவு தப்பிப்போன ஒரு தகடு கூடத்துக்கு வெளியே முற்றத்துச் சுவரோரம் கிடந்தது. கதவச்சைக் கிரேனில் தூக்கிப் பழைய இடத்தில் பொருத்தினார்கள். தகட்டை விரித்தார்கள்.

“தாயி, தயாரா?” என்றார் இடியப்பன்.

“வாண்ணே” என்றாள் அவள்.

டம்ளர்கள் குலுங்கின. ஒரு கதவு பிறந்தது. மயிரிழை பிசகு இல்லை.

எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். கைதட்டத்தான் நினைத்தார்கள்; யாருக்கும் கை வரவில்லை. அந்தக் கதவை மாட்ட ஒரு கார் கிடையாது. இன்னும் எத்தனை மாதத்துக்குக் கிடையாது என்றும் தெரியாது. மறுநாளிலிருந்து மறுபடி கவசம்தான்.

மங்கை அக்கா கதவின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பத்திரமாகச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“கதவு வந்தாச்சு. கார் பின்னாடி வரும்” என்றார்.