ஜமீன்தாரின் ஒற்றை மூட்டை

மருதூர் ஜமீன்தார் ஐந்து நாள் நடந்தே மலைக்கோயிலுக்குப் போவதாக வேண்டிக்கொண்டார். அதை ஊரெல்லாம் தண்டோரா போட்டுச் சொல்லியும்விட்டார். பிறகு சமையற்காரி காத்தாயியைக் கூப்பிட்டார்.

"புளியோதரை, அவல், முறுக்கு, அப்பளம் சுட இரும்படுப்பு, துவையல் அரைக்க அம்மி, வெள்ளித்தட்டு, பட்டுத் தலையணை, எல்லாம் ஒரே மூட்டையா இருக்கணும். ரெண்டு மூட்டைன்னா ஊர் சிரிக்கும். ஒரு பொருள் குறைஞ்சாலும் உனக்கு இங்கே வேலை கிடையாது."

அத்தனையையும் தன் தலைதான் சுமக்கப்போகிறது என்று காத்தாயிக்குத் தெரியும். ஆனாலும், "ஆகட்டும் எசமான்" என்றாள்.

மறுநாள் காலை நாலு பேர் அந்த மூட்டையைத் தூக்கிவந்து அம்மன் கோயில் வாசலில் இறக்கினார்கள். வழியனுப்ப ஊரே கூடியிருந்தது. காத்தாயி பூசாரியிடம் பணிவாகக் கேட்டாள்: "சாமி, வேண்டுதல் மூட்டையை யார் தலையில ஏத்துறது வழக்கம்?"

"இதென்ன கேள்வி? வேண்டிக்கிட்டவர் தலையிலதான். வேற ஆள் சுமந்தா புண்ணியமும் அந்த ஆளுக்குத்தான் போகும்."

ஜமீன்தார் மூட்டையைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தார். முதலில் அம்மி வெளியே வந்தது, அடுத்து அடுப்பு வந்தது. ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத் தட்டையும் தலையணையையும்கூட எடுத்து வைத்தார்.

"இத்தனை சாமான் குறைஞ்சுபோச்சே, காத்தாயி" என்று முறைத்தார்.

"நான் ஒண்ணும் குறைக்கலையே எசமான். எல்லாம் நீங்க குறைச்சதுதான்" என்ற காத்தாயி, அம்மியை வீட்டுக்குத் தூக்கிப்போக ஆள் தேடினாள். மத்தியானச் சமையலுக்கு அது வேண்டுமே.