ஒரு சீட்டு பாக்கி

புதுச்சேரியில் எங்கள் அகராதி அறைக்கு ஒன்பது வருடமாக ஒரே சட்டம்: ஜன்னலைத் திறக்கக் கூடாது. மின்விசிறியும் கூடாது. சொல்லுக்கு ஒரு காகிதச் சீட்டு. மேசை, தரை எங்கும் வரிசை வரிசையாகச் சீட்டுகள். காற்று பட்டால் வரிசை போச்சு. தட்டச்சு செய்யும் ரெஜினாவாகிய எனக்கோ இளைப்பு. சொல்லி என்ன பயன்?

சட்டம் போட்டவர் அகராதியை நடத்தும் ஆசிரியை பெலிசித்தே. ஆறு ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர், வயது நாற்பத்திரண்டு. அவரிடம் பாடம் கேட்டுவந்த தணிகாசலம் சாருக்கு அறுபத்தொன்று. தபால் இலாகாவில் ஓய்வு பெற்று, இங்கே சீட்டுகளில் பொருள் எழுதுபவர்.

கடைசித் தொகுதியில் ஒரே ஒரு சொல் பாக்கி: ஜன்னல். நான்கு மணிக்கு அச்சகத்து ஆள் வருவார். இன்று பக்கம் போகாவிட்டால் அகராதியையே கைவிடுவதாகப் பணம் கொடுக்கும் அறக்கட்டளை எழுதிவிட்டது. சார் இருபத்திரண்டு நாளாக அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது போர்ச்சுகீசியர்கிட்டேர்ந்து வந்த சொல், டீச்சர். அவங்க ‘ஜனேலா’ பிறந்த இடத்துல சின்னக் கதவுன்னு அர்த்தம்.”

“சரி, எழுதுங்க.”

“பக்கத்து ஸ்பெயின்காரன் ‘வெந்தானா’ங்கிறான். அது காத்துலேர்ந்து வந்தது. இங்கிலீஷ்காரன் சொல்லு காத்தோட கண்ணு.”

“ஆமா.”

“ரஷ்யாக்காரன் காத்தை விட்டுட்டான். வெறும் கண்ணு. பிரெஞ்சுக்காரன் லத்தீன்லேர்ந்து எடுத்தான். லத்தீனுக்கு எங்கேர்ந்து வந்ததுன்னு யாருக்கும் நிச்சயமா தெரியல.”

“மணி மூணரை, சார்.”

“கதவா, காத்தா, கண்ணா? எது நிஜமான பொருள்னு சொல்லுங்க, எழுதிடறேன்.”

ஆசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். “நேத்தும் இதையேதான் கேட்டீங்க.”

“நேத்தும் நீங்க சொல்லல.”

அந்த நேரம் பார்த்து எனக்கு மூச்சு முட்டியது. தட்டச்சுப் பொறியின் மேல் சாய்ந்துவிட்டேன்.

“சார், ஜன்னலைத் திறங்க!”

சார் தரையைப் பார்த்தார். “சீட்டு பறக்குமே டீச்சர். உங்க சட்டம்...”

“சட்டம் கிடக்கு. திறங்க!”

கொக்கி துருவேறி இறுகியிருந்தது. சார் உள்ளங்கையால் குத்திக் குத்தித் திறந்தார். கடல்காற்றில் ஒன்பது வருட வரிசையும் பறந்தது. அத்தனையும் நான் எப்போதோ தட்டச்சு செய்து முடித்த சீட்டுகள். இருந்தும் ஜன்னலைத் திறக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

மூச்சு வந்தது. சார் தண்ணீர் கொடுத்தார். கீழே அச்சகத்து வண்டி வந்து நின்றது.

“சீட்டு இன்னும் வெறுமையா இருக்கு, டீச்சர்” என்றார், அழாத குறையாக.

“இப்ப எதுக்குத் திறந்தீங்க?”

“ரெஜினாவுக்குக் காத்து வேணுமே.”

ஆசிரியை பேனாவை நீட்டினார். “எழுதுங்க.”

சாரின் முகம் மலர்ந்தது. “அப்போ ஸ்பெயின்காரன் சொன்னதுதான் சரியா?”

ஆசிரியை பல்லைக் கடித்தார்.

“இப்பத் திறந்தது அவனா சார், நீங்களா?”

படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. சார் குனிந்து எழுதினார்: ‘மூச்சு முட்டினால் திறப்பது.’